கடைமடைப் போனுக்கு உங்கள் தளம் போய்ச் சேருகிறதா?

குரோம் ப்ரவுசரில் எஃப்12 பட்டனைத் தட்டினால் பக்கவாட்டில் ஒரு பெட்டி திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதிக்குப் போனால் ஒரு சின்னத் தேர்வு இருக்கும். ப்ராசசரை 4 மடங்கு மெதுவாக்கு, 6 மடங்கு மெதுவாக்கு, 20 மடங்கு மெதுவாக்கு என்று. காசு கொடுத்து வாங்கிய வேகத்தை ஒருத்தர் தானே ஏன் குறைத்துக்கொள்ள வேண்டும்? இணையத்தளம் கட்டுவதே பிழைப்பாக இருக்கும் பொட்டிதட்டிகளிலும் அதைத் தொட்டே பார்க்காதவர்கள் உண்டு.

இந்தப் பதிவு அந்தத் தேர்வைப் பற்றியதுதான். தளம் கட்டுகிற எல்லாரும் அதைப் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் போட்டுப் பார்த்ததோடு வேலை முடிந்தது என்று கையைத் தட்டிவிட்டு எழுந்துவிடக் கூடாது. இரண்டையும் ஒரே மூச்சில் எப்படிச் சொல்லலாம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கீழே வரவும்.

டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். அணையில் தண்ணீர் இருக்கும் வருஷங்களில் ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரைத் திறப்பார்கள். சில நாளில் கல்லணைக்கு வரும். பூ தூவுவார்கள், டி.வி.யில் காட்டுவார்கள், எத்தனை ஆயிரம் கன அடி என்று பேப்பரில் போடுவார்கள். பேராவூரணிப் பக்கம் கடைமடையில் நிலம் வைத்திருப்பவர் இதையெல்லாம் படிப்பார். ஆனால் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: இங்கே வந்துச்சா? கல்லணையில் திறந்த கன அடியை வைத்து அவர் நாற்று விட முடியாது. இணையத்தளங்களின் வேகத்தை அளப்பவர்கள் பெரும்பாலும் கல்லணையிலேயே நின்று அளந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

சரி, மேட்டருக்கு வருவோம். வெறும் சினிமாச் செய்தித் தளம் மெதுவாக ஓடினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நடத்தும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதற்கு விவசாயிகள் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற முறை 2021-இல் கொண்டுவரப்பட்டது. வியாபாரிகள் விவசாயி பெயரில் நெல்லைக் கொண்டுவந்து தள்ளுவதைத் தடுக்கத்தான் இது என்று சொன்னார்கள். நியாயமான காரணம். டெல்டாவில் அப்போதே எதிர்ப்பும் கிளம்பியது. அதுவும் நியாயம்தான். நெல் மட்டுமா? சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு செய்ய வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள், அது இணையத்தில். பி.எம். கிசான் தவணைக்கு இ-கேஒய்சி, அது இணையத்தில். பட்டா, சிட்டா எடுப்பது இணையத்தில். ஒரு குடும்பத்தின் வருஷ வருமானம் பாதி ப்ரவுசருக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

இதில் நாள் என்பது சாதாரண நாள் இல்லை. குறுவை அறுவடை முடிகிற அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் வந்து நிற்கும். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி (மழை அதிகமான வருஷங்களில் மாநிலம் கேட்டு மத்திய அரசு தளர்த்தியதும் உண்டு). ரோட்டோரம் காயப்போட்ட நெல் ஒரு நாள் கூடுதலாகக் கிடந்தால் ஒரு மழை கூடுதலாக நனையும். மறுபடி காயவைக்க ஆள் கூலி, மறுபடி தார்ப்பாய் வாடகை. அந்த நேரத்தில் போனில் ஒரு பக்கம் திறக்காமல் வெள்ளையாக நிற்பது என்பது எரிச்சலோடு முடிகிற விஷயம் அல்ல.

(மேலே சொன்ன தளங்கள் மெதுவானவை என்று இங்கே யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட வேலைக்கு வைத்திருக்கும் தளம் எதுவானாலும், அதைக் கட்டியவர் எந்தப் போனில் வைத்துச் சோதித்தார் என்பதுதான் கேள்வி.)

பக்கம் திறக்கவில்லை என்றால் ஊரில் இரண்டே குற்றவாளிகள். ஒன்று, டவர் இல்லை. இன்னொன்று, சர்வர் பிஸி. பல நேரம் இரண்டும் உண்மைதான். மூன்றாவது ஆள் ஒருவன் இருக்கிறான், அவன் மேல் யாரும் கேஸ் போடுவதில்லை. அவன் கையில் இருக்கும் போனின் ப்ராசசர்.

2016 செப்டம்பர் 5-ஆம் தேதி ஜியோ வந்த பிறகு டேட்டா விலை அதலபாதாளத்துக்குப் போனது எல்லாருக்கும் தெரியும். கிராமத்திலும் 4ஜி வந்தது. கம்பி வழியே வருவது வேகமானது, ஆனால் வந்ததைப் பிரித்து மேய வேண்டிய பொட்டி அதே வேகத்தில் மாறவில்லை. சிக்னல் கோடு நாலும் நிற்கும், வாட்ஸ்அப் மெசேஜ் டிங் டிங் என்று வரும், ஆனால் இந்தப் பக்கத்தில் மட்டும் பட்டனை அழுத்தினால் அசைவே இருக்காது. அழுத்தியது விழுந்ததா இல்லையா தெரியாமல் மறுபடி அழுத்துவார். மூன்றாவது முறை அழுத்தும்போது முதல் அழுத்தல் வேலை செய்யும். அதற்குள் ஓடிபி காலாவதி ஆகியிருக்கும். டவர் சரியில்லை என்று போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பார். பாவம், டவர் என்ன செய்யும்?

ஏன் இப்படி? 300 கேபி எடையுள்ள ஒரு படமும் 300 கேபி எடையுள்ள ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பும் டேட்டா கணக்கில் ஒன்றுதான். ப்ராசசர் கணக்கில் அப்படி இல்லை. படம் என்பது அரிசி மாதிரி. வந்ததும் உலையில் போட்டால் சோறு. ஜாவாஸ்கிரிப்ட் என்பது நெல். ஊறப்போட்டு, அவித்து, காயவைத்து, மில்லில் கொடுத்து அரைத்த பிறகுதான் உலைக்கே போகும். சுருக்கி வந்ததை விரிக்க வேண்டும். விரித்தால் சில மடங்கு பெரிதாகும். அதை வரி வரியாகப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும், இயந்திர மொழிக்கு மாற்ற வேண்டும், பிறகு ஓட்ட வேண்டும். இதில் பெரும்பகுதி பக்கத்தை வரைவதும் விரல் தொடுவதைக் கவனிப்பதும் நடக்கும் அதே ஒற்றை இழையில் நடக்கிறது. மெயின் த்ரெட் என்பார்கள். அது நெல் அரைத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. அதுதான் அந்த அசைவில்லாத பட்டன்.

தளம் கட்டுபவரின் லேப்டாப்பில் இந்த மில் ராட்சச மில். மூட்டையைக் கொட்டினால் கண் இமைப்பதற்குள் அரிசி. அதனால் அவருக்கு இப்படி ஒரு வேலை நடக்கிறது என்றே தெரியாது. பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. நிஜமாகவே தெரியாது. "என் பொட்டியில் நல்லாத்தானே ஓடுது" என்பது உண்மையான வாக்குமூலம்.

மறுபக்கம் பாருங்கள். கார்டெக்ஸ் ஏ53 என்ற ப்ராசசர் வடிவமைப்பை ஏஆர்எம் நிறுவனம் அறிவித்தது 2012-இல். 2021 நவம்பரில் தீபாவளிக்கு ஜியோபோன் நெக்ஸ்ட் 6,499 ரூபாய்க்கு வந்தது. உள்ளே இருந்தது ஸ்நாப்டிராகன் 215, அதாவது 1.3 கிகாஹெர்ட்ஸில் ஓடும் நாலு ஏ53, கூட 2 ஜிபி ரேம். 2022-இல் வந்த ரெட்மி ஏ1-இல் ஹீலியோ ஏ22. அதிலும் அதே ஏ53 தான். பத்து வருஷம் பழைய வடிவமைப்பு, பெட்டி பிரிக்காத புதுப் போனில்! வாங்கியவரைக் குறை சொல்லவே முடியாது. அந்த விலைக்கு அதுதான் கிடைக்கும். வாங்கியவர் அதை அடுத்த வருஷமே மாற்றப்போவதும் இல்லை. கம்பெனிகள் லேப்டாப்புக்குத் தேய்மானம் எழுதிவிட்டு மூன்று நாலு வருஷத்தில் புதுசு வாங்கும். வீட்டில் போனுக்குத் தேய்மானம் எழுதுவது கிடையாது. உடையும் வரை ஓடும், உடைந்த பிறகு ரப்பர் பேண்டு போட்டு ஓடும், அப்புறம் அம்மாவுக்குப் போகும்.

ஏ53 ஏன் மெது? கிகாஹெர்ட்ஸ் மட்டும் காரணமில்லை. அது கட்டளைகளை வந்த வரிசையிலேயே செய்யும் ரகம். முன்னால் நிற்கும் கட்டளைக்கு வேண்டிய தகவல் மெமரியிலிருந்து வரவில்லை என்றால் பின்னால் தயாராக நிற்பவையும் காத்திருக்க வேண்டும். கொள்முதல் நிலையத்தில் முதல் ஆளின் நெல்லை இன்னும் தூற்றி முடிக்கவில்லை என்று பின்னால் தயாராக இருக்கும் பத்துப் பேரையும் நிறுத்தி வைத்த மாதிரி. விலை உயர்ந்த ப்ராசசர்கள் தயாராக இருப்பவனை முதலில் எடைபோட்டு அனுப்பிவிடும். இதனால்தான் இரண்டு போன்களின் அட்டைப் பெட்டியிலும் 2 கிகாஹெர்ட்ஸ், 8 கோர் என்று ஒரே மாதிரி எழுதியிருந்தாலும் உள்ளே வேகம் மலையும் மடுவுமாக இருக்க முடிகிறது.

இப்போது அந்தச் சின்னத் தேர்வு. 4 மடங்கு என்று போட்டதும் குரோம் என்ன செய்கிறது? ப்ராசசரின் உண்மையான வேகத்தை அது குறைப்பதில்லை. மெயின் த்ரெட்டை அடிக்கடி நிறுத்தி வைக்கிறது. நாலில் ஒரு பங்கு நேரம் வேலை, மூன்று பங்கு நேரம் சும்மா. தண்ணீர் குறைவான வருஷத்தில் முறைப்பாசனம் வைப்பது போலத்தான். இத்தனை நாள் திறப்பு, இத்தனை நாள் அடைப்பு. இது ஓட்டும் நிரலுக்குத் தெரியாது. அதைப் பொறுத்தவரை எல்லாம் இழுத்துக்கொண்டு போகும்.

எளிய வித்தைதான், ஆனால் பலன் பெரிது. முதல் முறை போட்டுப் பார்ப்பவருக்குக் கொஞ்சம் அதிர்ச்சியாகவே இருக்கும். தன் தளம், தான் வளர்த்த பிள்ளை, தேர்வுப் பெட்டியில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் வட்டம் வருவதற்குள் தலையைச் சொறிய நேரம் இருக்கும். எந்தக் கோப்பு எத்தனை மில்லிசெகண்ட் தின்கிறது என்று வரைபடமும் கூடவே வரும். யாரோ எப்போதோ விளம்பரத்துக்காகவோ எண்ணிக்கைக்காகவோ சொருகிவிட்டுப் போன நிரல்கள் எல்லாம் வெளிச்சத்துக்கு வரும். நாலு வரி எழுத வேண்டிய இடத்தில் ஒரு பெரிய நூலகத்தையே இழுத்து வைத்திருப்பது தெரியும். காசு செலவில்லை, ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டாம், இரண்டு சொடுக்கு. இதைச் செய்யாமல் ஒருவர் அரசாங்கத்துக்கோ கல்லூரிக்கோ கடைக்கோ தளம் செய்து கொடுத்தால், அது சோதித்த சரக்கே இல்லை. முதல் கட்சி இவ்வளவுதான்.

இரண்டாவது கட்சிக்கு பூக்காரம்மாவைக் கூப்பிட வேண்டும். முழம் இருபது ரூபாய் என்பார். யார் முழம்? அவர் கை முழம். நெட்டையான பூக்காரரிடம் வாங்கினால் லாபம், குட்டையானவரிடம் வாங்கினால் நஷ்டம். 4 மடங்கு மெது என்பதும் அதே மாதிரி ஒரு முழம்தான். எதிலிருந்து 4 மடங்கு? சோதிப்பவரின் லேப்டாப்பிலிருந்து.

சும்மா ஒரு கணக்குப் போடுவோம். ஒரு வேலை பழைய லேப்டாப்பில் 100 மில்லிசெகண்ட் எடுக்கிறது. 4 மடங்கு போட்டால் 400. கம்பெனி அடுத்த வருஷம் புது லேப்டாப் தருகிறது. அதே வேலை இப்போது 50. 4 மடங்கு போட்டால் 200. அறிக்கையில் வேகம் இரட்டிப்பு! கேக் வெட்டலாம். தளத்தில் ஒரு வரி கூட மாறவில்லை. கடைமடையில் இருக்கும் போனில் அதே வேலை போன வருஷமும் 700, இந்த வருஷமும் 700. அப்புறம் இந்த 200-ஐப் பார்த்துவிட்டு, இடம்தான் இருக்கிறதே என்று இன்னும் இரண்டு நிரலைச் சொருகுவார்கள். போனில் 700 என்பது 1000 ஆகும். புது லேப்டாப் வாங்க வாங்க தளம் குண்டாகிக்கொண்டே போவதற்கு இது ஒரு வழி. அளவுகோலே வருஷா வருஷம் நீண்டால் கணக்குப் புத்தகத்தை யார் நம்புவது?

கூகிளின் லைட்ஹவுஸ் கருவி மொபைல் சோதனைக்குப் பழக்கமாக வைத்திருப்பதும் இந்த 4 மடங்குதான். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. சாதாரண அமைப்பில் அது நிஜமாக மெதுவாக்கி ஓட்டுவதில்லை. முழு வேகத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, மெதுவான போனாக இருந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது. கணக்கு மோசமான கணக்கில்லை. ஆனால் அது கணக்கு என்பது பச்சை நிறத்தில் 95 மார்க் வந்ததும் எல்லாருக்கும் மறந்துவிடுகிறது.

இந்த முழப் பிரச்சினை குரோம் ஆட்களுக்கும் தெரியும். 2025-இல் வந்த குரோம் 134-இல் இதற்கு ஒரு வழி வைத்தார்கள். முதலில் உங்கள் கணினியின் வேகத்தை அது அளந்துகொள்ளும். பிறகு சுமார் ரகப் போன், கீழ் ரகப் போன் என்று இரண்டு அளவுகளை உங்கள் கணினிக்குத் தகுந்த மாதிரி அதுவே போட்டுத் தரும். ஒருவர் பொட்டியில் கீழ் ரகம் என்பது 6 மடங்காக வரலாம், இன்னொருவர் பொட்டியில் அதைவிட அதிகமாக வரலாம். கை முழத்துக்குப் பதில் அடிக்கோல். நல்ல காரியம். 4 மடங்கில் நிற்பவர்கள் உடனே இதற்கு மாற வேண்டும்.

அப்படி மாறினாலும் முறைப்பாசனத்தில் ஒரு சங்கதி இருக்கிறதே. மதகை அடைத்துத் திறப்பதால் தண்ணீர் குறையும், சரி. ஆனால் வாய்க்கால் அதே வாய்க்கால். கடைமடையின் நிஜக் கஷ்டம் தூர் வாராத வாய்க்கால், கோரைப்புல், உடைந்த கரை. போலி மெதுவில் இதெல்லாம் வராது. மெயின் த்ரெட்டைத்தான் நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிறார்கள். லேப்டாப்பின் 16 ஜிபி ரேம் 2 ஜிபி ஆவதில்லை. படம் வரையும் சில்லு மெதுவாவதில்லை. ப்ராசசருக்குள் இருக்கும் வேகமான சிறு நினைவகம் சின்னதாவதில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுக்களின் குட்மார்னிங் படங்களால் கழுத்து வரை நிரம்பி மூச்சுத் திணறும் ஸ்டோரேஜ் லேப்டாப்பில் இல்லை. 2 ஜிபி போனில் ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போய்விட்டுத் திரும்பினால், நினைவகம் போதாமல் ஆண்ட்ராய்டு அந்தப் பக்கத்தையே தூக்கி எறிந்திருக்கலாம். நிரப்பிய படிவம் காலி. முதலிலிருந்து ஆரம்பி. எத்தனை மடங்கு போட்டாலும் இந்தக் கொடுமையை லேப்டாப்பில் பார்க்க முடியாது.

அப்புறம் வெயில். போன் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ள ப்ராசசர் தானாகவே வேகத்தைக் குறைக்கும். தாளடி அறுவடை முடிந்து களத்துமேட்டில் உச்சி வெயிலில் கையில் பிடித்திருக்கும் போனும், ஏசி அறையில் மேசை மேல் இருக்கும் போனும் ஒரே மாடலாக இருந்தாலும் ஒரே போன் இல்லை. வெளிச்சத்தில் தெரிய வேண்டும் என்று திரையையும் முழுப் பிரகாசத்தில் வைத்திருப்பார்கள். அது வேறு சூடு.

இந்த இடத்தில் கம்பெனிக்காரர்கள் ஒரு பதில் சொல்வார்கள். எங்கள் பயனர்கள் யார் என்ன போன் வைத்திருக்கிறார்கள் என்று எங்களிடம் கணக்கு இருக்கிறது, அப்படி மெதுவான போன் எதுவும் பெரிதாகக் காணோம், சராசரி நன்றாகவே இருக்கிறது என்று. இதற்கு யூட்யூபில் நடந்த ஒரு கதை நல்ல பதில். அங்கே வேலை பார்த்த கிறிஸ் ஜகரியாஸ் 2012-இல் இதை எழுதினார். வீடியோ பார்க்கும் பக்கம் 1.2 எம்பி வரை வீங்கியிருந்தது. அவர் அதை 100 கேபிக்குள் அடக்கி ஒரு பக்கம் செய்து, கொஞ்சம் பேருக்கு மட்டும் திறந்துவிட்டார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பக்கம் திறக்கும் சராசரி நேரம் கூடியிருந்தது! எடையைப் பத்தில் ஒன்றாக்கினால் நேரம் கூடுமா? குழம்பிப்போய்க் கைவிடலாம் என்று இருந்த நேரத்தில் நாடுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. தென்கிழக்கு ஆசியா, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, சைபீரியா போன்ற இடங்களிலிருந்து புதிதாக ஆட்கள் வந்து குவிந்திருந்தார்கள். அவர்களுக்குப் புதுப் பக்கமே இரண்டு நிமிஷத்துக்கு மேல் எடுத்தது. பழைய பக்கம் என்றால் இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். அதனால் அதுவரை அவர்கள் வரவே இல்லை. வராதவர்கள் சராசரியில் எப்படி வருவார்கள்?

அது நெட்வொர்க் கதை. ப்ராசசருக்கும் அதே கதைதான். திறக்க முடியாமல் மூடிவிட்டுப் போனவர் எந்தக் கணக்கிலும் இல்லை. கூகிள் இப்போது தளங்களை அளக்கும் ஐஎன்பி என்ற அளவு (2024 மார்ச் 12 முதல் பழைய எஃப்ஐடி-க்குப் பதில்) தொட்டதற்கு எவ்வளவு நேரத்தில் பக்கம் அசைகிறது என்று பார்க்கிறது. 200 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் நல்லது. இதில் சராசரியை எடுக்காமல் 75-ஆவது சதமானத்தை எடுக்கிறார்கள். புள்ளியியலில் மூன்றாம் கால்மானம் என்று படித்தோமே, அதேதான் :-) சராசரிக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் இதிலும் கடைசி 25 பேர் எவ்வளவு கஷ்டப்பட்டாலும் மார்க் குறையாது. டெல்டாவில் அந்த 25 பேர்தான் வயலில் நிற்பவர்கள்.

காமர்ஸ் படிப்பவர்கள் இதை ஒரு செலவுக் கணக்காகப் பார்க்கலாம். ஒரு பதிவுத் தளத்தில் 3 செகண்ட் வீண் தாமதம், அதை ஒரு லட்சம் பேர் ஒருமுறை திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று லட்சம் செகண்ட், அதாவது 83 மணி நேரம். அதைச் சரிசெய்ய ஒருவருக்கு இரண்டு நாள் ஆகுமா? 16 மணி நேரம். 16-ஐ மிச்சம் பிடிக்க 83-ஐச் செலவு செய்வதை எந்தக் கணக்காளரும் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் ஒத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் 16 கம்பெனியின் லெட்ஜரில் வருகிறது, 83 யார் லெட்ஜரிலும் வருவதில்லை. இதுவும் நல்லபடியாகத் திறந்தவர்களின் கணக்கு மட்டும்தான். திறக்காதவர் பஸ் ஏறி இ-சேவை மையத்துக்குப் போகிறார். பஸ் காசு, மையத்தில் கட்டணம், அரை நாள் கூலி. வெட்டிச் செலவை மேலே இருப்பவர் கீழே தள்ளிவிட்டு லாபம் காட்டுகிறார். அவரவர் கணக்கை அவரவரே தணிக்கை செய்தால் இப்படித்தான் வரும். சொந்த லேப்டாப்பில் சொந்தத் தளத்தைச் சோதிப்பது அந்த மாதிரித் தணிக்கை.

இன்னும் நாலு வருஷத்தில் எல்லார் கையிலும் வேகமான போன் வந்துவிடும், அதுவரை பொறுத்துக்கொள்ளலாம் என்று ஒரு கட்சி எப்போதும் உண்டு. 2012-இன் ஏ53 2022-இல் புதுப் போனில் வந்ததை மேலேயே பார்த்தோம். சில்லு செய்வது மலிவாகும்போது போன் விலை குறைகிறது, வேகம் கூடுவதில்லை. விலை குறையட்டுமே, அதனால்தான் இத்தனை பேர் கைக்குப் போன் வந்தது.

ஃபேஸ்புக் 2015 அக்டோபரில் '2ஜி செவ்வாய்' என்று ஒன்று ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமைகளில் ஊழியர் ஆப்பைத் திறந்தால், ஒரு மணி நேரம் 2ஜி வேகத்தில் பார்க்கிறீர்களா என்று கேட்கும். விரும்பினால் மட்டும். இந்தியா போன்ற நாடுகளில் எப்படி இருக்கிறது என்று அவர்கள் அனுபவித்துப் பார்க்க. இன்றைக்கு 2ஜி கஷ்டம் குறைந்து ப்ராசசர் கஷ்டம் மிஞ்சியிருக்கிறது, அதற்கு யாராவது ஒரு கிழமை ஒதுக்கலாம். தஞ்சாவூரிலேயே செய்யலாம். 2024 செப்டம்பரில் இங்கே டைடல் நியோ பூங்கா திறந்தார்கள். இனிமேல் பொட்டி தட்டுபவரும் நெல் போடுபவரும் ஒரே டவுன் பஸ்ஸில் வருவார்கள். பக்கத்து ஊர்க்காரர் கையில் என்ன போன் இருக்கிறது என்று பார்க்க அமெரிக்காவில் இருப்பவருக்குத்தான் போலி மெது வேண்டும். இங்கே இருப்பவர் எட்டிப் பார்த்தால் போதும்.

ஆக, தினமும் நிரல் எழுதும்போது அந்தச் சின்னத் தேர்வு. குரோம் 134-க்குப் பிறகு வந்த அளந்து போடும் வசதியோடு. வாரம் ஒருமுறையாவது நிஜமான போன். செகண்ட் ஹேண்டில் மூன்றாயிரம், நாலாயிரம் ரூபாய்க்கு ஏதாவது ஒரு 2 ஜிபி போன் கிடைக்கும். வாங்கி, ஸ்டோரேஜை நிரப்பி, வெயிலில் பத்து நிமிஷம் வைத்துவிட்டு, தளத்தைத் திறந்து, ஒரு படிவத்தை முழுக்க நிரப்பிப் பார்க்க வேண்டும். இடையில் ஓடிபிக்காக வெளியே போய்த் திரும்பியும் பார்க்க வேண்டும். தளத்துக்குக் காசு கொடுப்பவர்கள், குறிப்பாக டெண்டர் விடுபவர்கள், ஒரே ஒரு வரி சேர்க்கலாம்: 2 ஜிபி ரேம், ஏ53 போனில் இந்தப் படிவம் இத்தனை செகண்டில் முடிய வேண்டும், எங்கள் முன்னால் செய்து காட்டிய பிறகுதான் கடைசித் தவணை. கட்டடத்துக்குச் சிமெண்ட் ரகம் எழுதுகிறார்களே, அதே மாதிரி. 4 மடங்கில் 95 மார்க் என்று ஒரு படத்தை ஒட்டி அனுப்பினால் ஏற்கக் கூடாது.

போன் வாங்கவும் காசில்லை என்கிற மாணவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 2011 செப்டம்பர் 15-இல் தமிழ்நாட்டில் இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம் பல வருஷம் கொடுத்தார்கள். அண்ணனுக்கோ அக்காவுக்கோ கொடுத்தது ஏதாவது ஒரு வீட்டில் பரண் மேல் கட்டாயம் இருக்கும். போலி மெது வேண்டாம், அது அசல் மெது. ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸ் 7 இருக்கும். அதில் குரோம் 109-ஓடு நின்றுவிட்டது, 2023-க்குப் பிறகு புதுசு வராது. அதனால் லேசான லினக்ஸ் ஏதாவது ஏற்றிக்கொள்வது நல்லது. பேட்டரி போயிருக்கும், சார்ஜரைப் பிடுங்காமல் ஓட்டவும்.